மாலையில் இருந்த ரூபாயும் அதன் புள்ளியும்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டக் குடும்பத்தில் வெள்ளி ரூபாய் மாலை ஒன்று இருந்தது. அந்த வீட்டு அம்மாயிக்கு (பாட்டிக்கு) அவருடைய தாய் போட்டு அனுப்பியது. மொத்தம் பத்தொன்பது காசு. எல்லாமே ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் தலை பொறித்த இந்திய ரூபாய்கள். ஆண்டுகள் 1912 தொடங்கி 1922 வரை. ஒவ்வொரு காசுக்கும் மன்னரின் கிரீடத்துக்கு மேலே ஒரு வளையமும், அடியில் ஒரு சின்ன வெள்ளிக் குண்டும் பற்ற வைத்திருந்தது.

மலையகத்தில் இப்படி மாலைகள் கிடைப்பதில் வியப்பில்லை. இலங்கை 1872இல் ரூபாய், சதம் என்ற கணக்குக்கு மாறியது. ஆனால் இலங்கைக்கென்று அடித்ததெல்லாம் சதக் காசுகள்தான். சொந்தமாக ஒரு ரூபாய் நாணயம் 1957இல், புத்த ஜயந்தியை ஒட்டித்தான் வந்தது. அதற்கு முன்பு ரூபாய் நாணயம் என்றால் இந்திய வெள்ளி ரூபாய். எடை ஒரு தோலா, அதாவது 11.66 கிராம். நூற்றுக்கு 91.7 பங்கு வெள்ளி என்பதால் ஒரு காசில் ஏறத்தாழ 10.7 கிராம் சுத்த வெள்ளி இருக்கும். 1940இல் இந்தியா ரூபாயில் இருந்த வெள்ளியை நூற்றுக்கு 50 பங்காகக் குறைத்தபோது, பழைய காசை வைத்திருந்தவர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். கொழுந்து பறித்துச் சேர்த்த காசை நகை செய்யும் பத்தரிடம் கொடுத்து மாலையாக்கியது நகை ஆசைக்காக மட்டுமல்ல. வங்கி எட்டாத இடத்தில் அதுதான் சேமிப்பு.

இந்தக் காசுகளை அடித்தவை கல்கத்தா, பம்பாய் நாணயச்சாலைகள். எந்தச் சாலை அடித்தது என்று காட்டும் குறி கல்கத்தா காசில் எதுவும் கிடையாது. பம்பாய்க் காசில், ஆண்டு எழுதிய பக்கத்தின் அடியில் உள்ள தாமரைப் பூவுக்குக் கீழே மேடான ஒரு புள்ளி இருக்கும். இந்த ரூபாயில் நாணயச்சாலைக் குறி என்பது அந்தப் புள்ளி மட்டுமே.

காசு எங்களிடம் வந்த விதம்

குடும்பத்தில் ஓட்டோ ஓட்டுகிற ஒரு பேரன். லீசிங் தவணை பாக்கி விழுந்திருந்தது. அந்த நேரத்தில் ஒரு காணொளி அவர் கண்ணில் பட்டிருக்கிறது: 'ஆண்டுக்குக் கீழே புள்ளி இருந்தால் லட்சக்கணக்கில் விலை.' மாலையை எடுத்துப் பார்த்தால் பல காசுகளில் புள்ளி. ஒன்றில் இரண்டு புள்ளி.  வட்ஸ்அப்பில் ஒருவரோடு தொடர்பு ஏற்பட்டு, இரட்டைப் புள்ளிக் காசுக்குப் பெரிய தொகை பேசப்பட்டது. ஆனால் அதற்கு முன்பு 'பதிவுக் கட்டணம்' என்று ஒரு தொகையை அனுப்ப வேண்டுமாம்.

'சுத்தமாக இருந்தால் இன்னும் விலை ஏறும்' என்றும் அந்த ஆள் சொன்னதால், ஆறு காசுகளின் வளையத்தையும் குண்டையும் ஒரு கடையில் கொடுத்து வெட்டி, அரம் போட்டு ராவி, புளி தேய்த்து வைத்திருந்தார்கள். அப்படிச் செய்த பிறகு பார்த்தால், அந்த ஆறில் ஒன்றான 1922 காசில் புள்ளியே இல்லை. அதற்கும் அந்த ஆள் பெரிய தொகை பேசினார். மற்றப் பதின்மூன்றும் மாலையில் இருந்தபடியே இருந்தன. அம்மாயி பிடிவாதமாக நிறுத்தியதால்தான் அந்தப் பதின்மூன்று தப்பின. இந்த நிகழ்வில் மிகச் சரியான முடிவை முதலில் எடுத்தவர் அவர்.

ஹட்டனில் நாணயம் சேர்க்கிற நாங்கள் சிலர் ஒன்றுகூடுவோம். தெரிந்த ஒருவர் மூலம் பேரன் அங்கே வந்தார்.

"சேர், இதுல ரெண்டு புள்ளி இருக்கு. ஒரு புள்ளிக்கே லட்சம்னா இதுக்கு எவ்வளவு வரும்?"

"தம்பி, விலையைப் பிறகு பார்ப்போம். முதல்ல அந்தப் புள்ளி எங்கேயிருந்து வந்ததுன்னு பார்ப்போம்" என்றேன்.

முதலில் நீக்கிய குழப்பம்

அந்தக் காணொளியை நாங்களும் பார்த்தோம். அது பேசியது இன்றைய இந்திய நாணயங்களைப் பற்றி. அவற்றில் குறி ஆண்டுக்குக் கீழே வரும்: மும்பைக்கு வைரக்கட்டம், ஹைதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்கு வட்டப் புள்ளி, கொல்கத்தாவுக்கு எதுவும் இல்லை. நொய்டா நாணயச்சாலை தொடங்கியதே 1988இல். அந்தப் புள்ளிக்கும் மன்னர் காலத்துப் பம்பாய்ப் புள்ளிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இரண்டுமே கோடிக்கணக்கான காசுகளில் இருக்கிற சாதாரணக் குறிகள். புள்ளி இருப்பது அபூர்வமல்ல, இல்லாததும் அபூர்வமல்ல. எந்த ஆண்டில் எந்தச் சாலை அடித்தது என்பதோடு சேர்த்துப் பார்த்தால்தான் அதற்குப் பொருள்.

பேரன் முகம் வாடியது. ஆனாலும் 'இரண்டு புள்ளி' கேள்வி அப்படியே நின்றது. அதற்கு நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் மாலையையும் வெட்டிய காசுகளையும் மேசையில் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

இரட்டைப் புள்ளிக் காசு (1918)

வெறும் கண்ணுக்கு இரண்டும் புள்ளிகள்தான். தாமரைக்கு நேர் கீழே ஒன்று. அதற்கு வலப்பக்கம், விளிம்பை ஒட்டி இன்னொன்று, கொஞ்சம் பெரிது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்து, டோர்ச் வெளிச்சத்தை மேலிருந்து அடிக்காமல் காசின் தரையோடு, அதாவது எழுத்தும் உருவமும் இல்லாத சமதளத்தோடு, ஒட்டினாற்போல் சாய்த்து அடித்துப் பார்த்தோம். மேலிருந்து வரும் வெளிச்சத்தில் மேடும் பள்ளமும் ஒன்று போலத் தெரியும். சாய்ந்த வெளிச்சத்தில் நிழல் விழும் பக்கம் உண்மையைச் சொல்லிவிடும்.

இங்கே அடிப்படையைச் சொல்ல வேண்டும். நாணயச்சாலைக் குறி அச்சில் குழியாக வெட்டப்படுகிறது. அச்சு அழுத்தும்போது வெள்ளி அந்தக் குழிக்குள் ஏறிப் புள்ளியாக எழுகிறது. ஆகவே உண்மையான புள்ளியும் அதைச் சுற்றியுள்ள தரையும் ஒரே உலோகம், ஒரே தோல். புள்ளியின் அடி தரையோடு கலக்கும் இடத்தில் கோடோ இடைவெளியோ இருக்காது. நிறம் ஒன்றாக இருக்கும். தேய்மானமும் ஒத்துப்போகும்: பக்கத்தில் தாமரை இதழின் உச்சி எவ்வளவு மழுங்கியிருக்கிறதோ, புள்ளியின் உச்சியும் கிட்டத்தட்ட அவ்வளவு மழுங்கியிருக்க வேண்டும்.

தாமரைக்குக் கீழே இருந்த புள்ளி இந்தச் சோதனைகள் எல்லாவற்றையும் தாண்டியது. அது பம்பாய்ப் புள்ளி.

வலப்பக்கத்துப் புள்ளி ஒன்றையும் தாண்டவில்லை. அது இலைமேல் சொட்டிய மெழுகுத் துளி மாதிரி தரைமேல் உட்கார்ந்திருந்தது. அடியைச் சுற்றி மெல்லிய கறுப்புக் கோடு. சில இடத்தில் துளியின் ஓரம் உள்பக்கம் மடிந்து, கீழே அழுக்குத் தங்கியிருந்தது. நிறம் லேசான மஞ்சள். மேற்பரப்பில் ஊசிமுனை அளவில் இரண்டு மூன்று துளை. தாமரை இதழ்கள் தேய்ந்து தட்டையாகியிருக்க, இது மட்டும் உருண்டையாக நின்றது.

காசைப் பார்த்த வயதான பத்தர் ஒருவர் லென்ஸைக் கேட்கவே இல்லை. விரலால் தடவிவிட்டுச் சொன்னார்: "பொடி ஓடியிருக்கு. குண்டு வைக்கிறப்போ வெங்காரம் கூடிப்போனா இப்படித்தான் பக்கத்துல தெறிச்சு நிக்கும்." பொடி என்பது பற்ற வைக்க உருக்கும் உலோகம், வெங்காரம் அதை ஓட வைக்கும் பொருள். குண்டு இருக்கும் இடம் காசின் அடி. இந்த ரூபாயை இடம் வலமாகத் திருப்பினால் இரண்டு பக்கமும் நிமிர்ந்தே நிற்கும். மன்னரின் மார்புக்குக் கீழே குண்டு வைத்தால் மறுபக்கத்தில் அது சரியாகத் தாமரையின் அடியில் வரும். குறி இருக்க வேண்டிய இடமும் பத்தர் பற்ற வைத்த இடமும் ஒன்றாகிவிட்டதால்தான் இந்தக் குழப்பமே.

இந்த விஷயம் மலையக மாலைக் காசுகளுக்கு மிக முக்கியம் என்று நினைக்கிறேன். வேறு ஊர்ச் சேகரிப்பாளர்கள் பெட்டியில் கிடந்த காசுகளைப் பார்த்து எழுதும் குறிப்புகளில் இது வருவதில்லை. நம்மிடம் வரும் வெள்ளி ரூபாய்களில் நகையாக இருந்தவை நிறைய. அவற்றைப் பார்க்கும்போது முதல் கேள்வி 'புள்ளி உண்டா?' என்பதல்ல, 'எங்கே பற்ற வைத்திருந்தார்கள்?' என்பதுதான்.

புள்ளியில்லாத 1922

இது கொஞ்சம் வலி தந்த காசு. 1921, 1922 ஆண்டு ரூபாய்களைப் பம்பாய் மட்டுமே அடித்தது. அப்படியானால் 1922இல் புள்ளி இருந்தே ஆக வேண்டும். இல்லை என்றால் மூன்று வழிதான் உண்டு: அச்சில் குழி அடைபட்டுப் புள்ளி எழும்பாமல் போயிருக்கலாம், புழக்கத்தில் தேய்ந்து போயிருக்கலாம், யாராவது எடுத்திருக்கலாம். வட்ஸ்அப் ஆள் சொன்னது நாலாவது: 'கல்கத்தாவில் இரகசியமாக அடித்தது, உலகத்திலேயே இது ஒன்றுதான்.' பேரன் அதை நம்பவே விரும்பினார். தவணை பாக்கி உள்ளவர் நம்பியதில் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வளையம் வெட்டிய ஆறில் இதுவும் ஒன்று. சாய்ந்த வெளிச்சத்தில் தாமரைக்குக் கீழே ஒரு திட்டு மட்டும் தட்டையாகப் பளபளத்தது. அந்தத் திட்டில் ஒரே திசையில் ஓடிய நுண்ணிய கீறல்கள். அதே கீறல்கள் விளிம்பைத் தாண்டி, ஓரத்தில் உள்ள வரிப் பற்கள் வரைக்கும் போயின. அந்த இடத்தில் பற்கள் மொட்டையாகியிருந்தன. விளிம்பும் மற்ற இடங்களைவிட மெலிந்திருந்தது. திட்டின் இடது ஓரத்தில் புள்ளியின் ஒரு பக்கச் சரிவு மட்டும், நகக்கண் போல வளைந்து, மிச்சம் இருந்தது.

அரம் புள்ளியைத் தின்றுவிட்டது. குண்டு இருந்த தடயத்தை மழுப்பப் போய்க் குறியையும் சேர்த்து ராவியிருக்கிறார்கள். காசு தேய்ந்திருந்தால் தாமரையும் சேர்ந்து தேய்ந்திருக்கும். அச்சு அடைபட்டிருந்தால் அந்த இடத்தின் தரை மற்றத் தரையைப் போலவே இருக்கும், கீறல் இருக்காது.

எடை போட்டுப் பார்க்கலாமே என்று எங்களில் ஒருவர் கேட்டார். போட்டோம். ஆனால் அதை வைத்து முடிவு சொல்லவில்லை. பொடியும் வளையத்தின் மிச்சமும் எடையைக் கூட்டும். அரமும் புழக்கமும் குறைக்கும். கள்ளக் காசைக் கண்டுபிடிக்க எடை உதவும். குறியையும் சேதத்தையும் பிரிக்க உதவாது.

மற்ற இரண்டு

1920 காசு ஒன்றில் ஆண்டின் கடைசி எண்ணுக்குப் பக்கத்தில் சின்ன மேடு. அடியில் கோடு இல்லை, நிறம் ஒன்றே, தேய்மானமும் சரி. அப்படியானால் அது நாணயச்சாலையிலேயே வந்தது. ஆனால் வடிவம் கோணலானது, குறி வரும் இடமும் அதுவல்ல. அச்சில் ஒரு துணுக்கு உடைந்து விழுந்தால் அந்தப் பள்ளம் காசில் இப்படித்தான் மேடாக வரும். சேதமும் அல்ல, குறியும் அல்ல, அச்சுச் சிதைவு. சேகரிப்பவர் சிலருக்குப் பிடிக்கும், விலையில் பெரிய வித்தியாசம் செய்யாது.

1917 காசு ஒன்றில் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே சொல்ல முடியாத மங்கல். சுற்றிலும் இதழ்கள் கூர்மையாக இருந்ததால் தேய்மானம் அல்ல. அச்சுக் குழியில் எண்ணெயும் தூசியும் அடைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் 1917இல் கல்கத்தாவும் ரூபாய் அடித்தது. அந்த மங்கல் ஒரு பம்பாய்ப் புள்ளியின் மிச்சமா, கல்கத்தாக் காசில் விழுந்த சிறு தடமா என்பதில் எங்களுக்குள் கருத்து ஒத்துவரவில்லை. 'தீர்மானிக்கவில்லை' என்றே எழுதி வைத்தோம்.

மிச்சக் காசுகளில் ஆணி பட்ட தடம், கதவிடுக்கில் நசுங்கிய தடம் என்று வழக்கமானவை. இவற்றைப் பிரிப்பது சுலபம். வெளியிலிருந்து அடி பட்டால் உலோகம் எங்கும் போய்விடாது, தள்ளப்படும். அதனால் ஒரு பள்ளமும் அதன் ஓரத்தை ஒட்டிக் குவிந்த மேடும் இருக்கும். மேடு மட்டும் பார்த்துப் 'புள்ளி' என்று சொல்கிறவர்கள் பக்கத்துப் பள்ளத்தைப் பார்ப்பதில்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

பணம் எதையும் அனுப்ப வேண்டாம் என்பது முதலாவது. காசை வாங்குகிறவர்தான் விற்கிறவருக்குப் பணம் கொடுப்பார். விற்கிறவரிடம் முன்பணம் கேட்பவர் காசை வாங்க வந்தவர் அல்ல. பழைய நாணயங்களை வாங்குவதாகத் தங்கள் பெயரைப் பயன்படுத்திக் கட்டணம் கேட்கிறார்கள் என்று இந்திய ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரிக்கை விட்டிருந்தது. அதைப் பேரனிடம் காட்டினோம். 'நேரில் வந்து காசைப் பாருங்கள், ஹட்டனில் வைத்துப் பேசலாம்' என்று அந்த ஆளுக்குச் செய்தி அனுப்பச் சொன்னோம்.

இரண்டாவது, 1918 காசில் இருந்த பொடித் துளியை எடுக்க வேண்டாம் என்று சொன்னோம். பேரன் கேட்டார், "அதை எடுத்துட்டா நல்ல பம்பாய்க் காசு தானே, சேர்?" எடுப்பதற்குச் சூடு காட்ட வேண்டும், அல்லது அரம் போட வேண்டும். சூடு காட்டினால் அந்த இடம் நிறம் மாறும். அரம் போட்டால் 1922க்கு நடந்தது இதற்கும் நடக்கும். பத்தரும் இதையே சொன்னார்.

மூன்றாவது, கழற்றாத பதின்மூன்று காசையும் கழற்ற வேண்டாம், எதையும் தேய்க்கவும் வேண்டாம். லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) அடுப்புப் புகையில் வெள்ளி கறுப்பது இயல்பு. நம் வீடுகளில் அதற்குத் திருநீறும் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பது பழக்கம். விளக்குக்குச் சரி. காசுக்கு அது ஒவ்வொரு முறையும் ஒரு மெல்லிய படலத்தை எடுத்துவிடும். சோதனைக்கு வேண்டிய தரையின் இயல்பான மினுக்கமும் அதோடு போகும். புளி தேய்த்த ஆறு காசுகளில் எங்களால் எளிதில் படிக்க முடியாமல் போனவை உண்டு. கறுத்திருந்த பதின்மூன்றில், மங்கலான அந்த 1917 தவிர, அந்தச் சிரமம் இருக்கவில்லை.

பிறகு எல்லாக் காசுக்கும் இரண்டு பக்கமும், வெளிச்சம் ஒரே பக்கத்திலிருந்து சாய்ந்து விழும்படி படம் எடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆண்டு, குறி, பற்ற வைத்த தடம், சேதம் என்று எழுதிக் கொடுத்தோம். மாலையில் 1911 ஆண்டுக் காசு இருக்கிறதா என்றும் தேடினேன். அந்த ஆண்டில் மன்னர் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிகிறது என்று எதிர்ப்பு எழுந்து, 1912இல் உருவத்தை மாற்றினார்கள். அதனால் அது உண்மையிலேயே தேடப்படும் காசு. இந்த மாலையில் இல்லை.

பின்னர் நடந்தது

நேரில் வரச் சொன்ன செய்திக்கு வட்ஸ்அப் ஆளிடமிருந்து பதில் வரவில்லை. கொஞ்ச நாளில் அந்த இலக்கமும் வேலை செய்யவில்லை.

பேரன் முதலில் எங்கள்மேல் கோபமாகவே போனார். நாங்கள் காசைக் குறைத்துச் சொல்லி வாங்கப் பார்க்கிறோம் என்ற சந்தேகமும் அவருக்கு இருந்திருக்கிறது. அது நியாயமான சந்தேகம். இதனால்தான் பார்த்துச் சொல்கிறவர் அந்தக் காசை வாங்கக் கூடாது என்பதை நாங்கள் வழக்கமாக வைத்திருக்கிறோம். நாங்கள் எழுதிக் கொடுத்த தாளைக் கண்டியில் இரண்டு வியாபாரிகளிடம் தனித்தனியே காட்டச் சொன்னோம். இருவரும் காசைப் பார்த்துவிட்டு 1918ஐயும் 1922ஐயும் பற்றி ஒரே மாதிரிப் பேசியிருக்கிறார்கள். அப்புறம்தான் அவர் திரும்ப வந்தார்.

வெட்டிய ஆறு காசுகளையும் குடும்பம் விற்றது. நாலு வெள்ளி விலைக்கே போயின. 1920 அதற்குச் சற்று மேலே. 1922 அரம் பட்டிருந்தும், கிடைப்பது கடினமான ஆண்டு என்பதால் மற்றவற்றைவிடக் கூடுதலாகப் போனது. புள்ளியோடு இருந்திருந்தால் இன்னும் நல்ல விலை வந்திருக்கும் என்று வாங்கியவரே சொன்னாராம். லீசிங் பாக்கியில் ஒரு பகுதி அடைந்தது. முழுவதும் அடையவில்லை.

பொடித் துளியோடு இருக்கும் 1918 உட்பட, பதின்மூன்று காசுகளும் மறுபடி அம்மாயியிடமே இருக்கின்றன.

இனி மாற்ற வேண்டியவை

காசு மாலையில் இருக்கும்போதே பார்க்க வேண்டும் என்பதைத் தோட்டங்களில் உள்ளவர்களுக்கு முன்கூட்டியே சொல்லத் தொடங்கியிருக்கிறோம். வளையமும் குண்டும் இருந்த இடத்தைக் கண்ணால் பார்த்தாலே பாதிக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். வெட்டிய பிறகு தடயத்தைத் தேடுவது பெரிய வேலை. மாலை கழற்றியே ஆக வேண்டும் என்றால், கோத்திருந்த வரிசைப்படி படம் எடுத்துவிட்டுக் கழற்றச் சொல்கிறோம்.

நகைக்கடைகளிலும் பேச வேண்டியிருக்கிறது. வளையத்தை வெட்டச் சொல்லி வருகிறவரிடம், 'தாமரைப் பக்கம் அரம் போடாமல் விடட்டுமா?' என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். அந்தப் பத்தர் தன் கடைக்கு வருகிறவர்களிடம் இதைச் சொல்வதாக ஒத்துக்கொண்டார். பொடி ஓடிய காசுகளை அடையாளம் காண எங்களுக்குக் கற்றுக் கொடுக்கவும் சம்மதித்தார். கூடுகிற நாட்களில் இனி அவரும் வருவார்.

ஒப்பிட்டுப் பார்க்க நம்பகமான காசுகள் வேண்டும் என்பதும் தெளிவானது. 1912 முதல் 1920 வரை ஒவ்வொரு ஆண்டிலும் கல்கத்தா ஒன்று, பம்பாய் ஒன்று. 1921க்கும் 1922க்கும் பம்பாய் மட்டும். எதுவும் மாலையில் இருந்திராத, தேய்க்காத காசுகளாக இருக்க வேண்டும். இதில் பாதி எங்களிடம் சேர்ந்திருக்கிறது. 1917இன் இரண்டு காசும் சேர்ந்ததும், அம்மாயியிடமிருக்கும் அந்த மங்கல் புள்ளிக் காசை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கி, பக்கத்தில் வைத்துப் பார்க்கப்போகிறோம்.